பத்தே முக்கால் மந்தம்

மோட்டாரை அணைத்தோமா இல்லையா? அணைத்த மாதிரியும் இருக்கிறது, அணைக்காத மாதிரியும் இருக்கிறது. சுவிட்சின் வழவழப்பு விரல் நுனியில் இன்னும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது இன்றைக்கு அழுத்தியதா நேற்றைக்கு அழுத்தியதா என்று விரலுக்கு எப்படித் தெரியும், விரலுக்கு ஏது தேதி. வில்லிவாக்கத்து வீட்டில் மொட்டைமாடித் தொட்டி இந்நேரம் வழிந்து, கீழ்வீட்டம்மா காயப்போட்ட வற்றல் மிளகாய் மேல் கொட்டி, அந்தம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி மரகதத்தின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கூப்பிடட்டும். மரகதம் காலை பத்து இருபதுக்கு, அண்ணா சாலை ஆபீசின் இரண்டாவது மாடியில், ஏசி குளிர் முழங்காலைக் கவ்வுகிற கண்ணாடி அறையில், மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மோட்டாரைப் பற்றி நினைப்பது சுகமாக இருந்தது. மோட்டாரை நினைக்கிற வரைக்கும் பன்னிரண்டு மணியை நினைக்க வேண்டாம் அல்லவா. பன்னிரண்டு மணிக்கு அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அடுத்த வருஷத்துக்கு இந்த ஆபீசின் பெரிய மெஷினுக்கு என்ன வேண்டும், எது வேண்டாம் என்கிற திட்டம். அதில் ‘தற்போதைய மந்தத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.

அந்தப் பெரிய மெஷின் கீழே தரைத்தளத்தில் நிற்கிறது. கறுப்பாக, இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அகலத்தில், பார்க்க ஒரு விசேஷமும் கிடையாது, ஆயுதபூஜைக்கு அதற்கு ஒரு முழம் சாமந்தி சுற்றுவார்கள், அவ்வளவுதான் மரியாதை. ஆனால் அதற்குள்ளே இருபத்தாறு மெஷின்கள் குடியிருக்கின்றன. கையால் தொட முடியாத, கண்ணால் பார்க்க முடியாத மெஷின்கள். ஒவ்வொன்றும் இந்த மொத்த வீடும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்து அறையில் இருபத்தைந்து பேர் இருக்கிற சங்கதியே அதற்குத் தெரியாது. ஒண்டுக்குடித்தனம்தான், ஆனால் குழாயடிச் சண்டை இல்லாத ஒண்டுக்குடித்தனம், ஏனென்றால் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் மரகதத்துக்குச் சம்பளம். யாருக்கு எவ்வளவு மெமரி, யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்று பங்கு வைப்பது பதினெட்டு வருஷமாக அவள் கை. பெயர் வைத்ததும் அவள்தான். கடற்கரையில் ஆரம்பித்துச் செங்கல்பட்டு வரைக்கும் மின்சார ரயில் ஸ்டேஷன் பெயர்கள். ஏஜென்டுகள் எந்நேரமும் மொய்க்கிற மெஷின் மாம்பலம். கிளைகளின் அறிக்கையைக் கொட்டுவது கிண்டி. பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வருஷா வருஷம் சரிபார்க்கிற சின்னஞ்சிறு மெஷின் பழவந்தாங்கல். பழவந்தாங்கலை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவள் அமலோற்பவம், இதே மாடியில் ஜன்னலோரம் உட்காருகிறவள், மரகதத்துக்கு நாலு வயது மூத்தவள், அக்கா. அக்கா என்று நினைத்த உடனே மரகதத்தின் மனசு, சூடான தோசைக்கல்லில் விரல் பட்ட மாதிரி, சட்டென்று பின்வாங்கியது. மோட்டார். மோட்டாரையே நினைப்போம். இல்லை, டீயை நினைப்போம்.

டீ ஒரு நல்ல புதிர். திங்கட்கிழமையிலிருந்து டீயில் சர்க்கரை இல்லை. மரகதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், அவளுக்குச் சர்க்கரை இல்லை என்பது பெரிசில்லை, ஏன் இல்லை என்பதுதான் பெரிசு. சின்ன வயசில் கடிகாரம் நின்றுபோனால் மற்ற பிள்ளைகள் அப்பாவிடம் ஓடும், இவள் திருப்புளியைத் தேடி ஓடுவாள். எது கெட்டாலும் அவள் தொழிலில் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான், என்ன மாறியது? ஒன்றும் மாறாமல் ஒன்றும் கெடாது. சரி, டீயில் என்ன மாறியது? மூன்று வாரத்துக்கு முன்னால் கெட்டில் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறிவந்த சையது பாய் நின்றுபோய், கீழே கேண்டீன் வந்தது. அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு வாரம் அதே கேண்டீன் டீ பாயசம் மாதிரி இருந்ததே, அது எப்படி? அப்படியானால் மாற்றம் கேண்டீன் வந்த அன்றைக்கு இல்லை, இந்தத் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்ன ஆயிற்று? சர்க்கரை தீர்ந்ததா, டீ போடுகிற ஆள் மாறினாரா, இல்லை எனக்குத்தான் நாக்கு செத்துவிட்டதா, நாற்பத்தெட்டு வயதில் நாக்கு சாகுமா? போய்க் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் மரகதம் கேண்டீனைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் கண்ணாடி அறையை விட்டு வேலை நேரத்தில் அவள் அசைவதே இல்லை, டீ அவளைத் தேடி வரும். பத்தரைக்கு அமலோற்பவம் இறங்கிப் போவாள், தன் எவர்சில்வர் தம்ளரில் மரகதத்துக்கு ஒன்று, காகிதக் கப்பில் தனக்கு ஒன்று, இரண்டையும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு, ஆறிவிடக் கூடாது என்று மற்ற எல்லாருக்கும் முந்தி விறுவிறுவென்று படியேறி வந்துவிடுவாள். சையது பாய் இருந்த காலத்திலும் இவள் கவனிக்க மாட்டாள் என்று வாங்கிவைத்து மூடி போட்டுக் கொடுத்தவள் அக்காதான். ஐயோ, மறுபடியும் அக்கா. சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது இந்தப் பாழாய்ப்போன மனசு.

சரி, ஒளிந்து என்ன ஆகப் போகிறது, நேராகவே பார்த்துவிடலாம். மூன்று வாரமாக, சனி ஞாயிறு தவிர, தினமும் பத்தே முக்காலுக்குப் பெரிய மெஷின் மூச்சு முட்டுகிறது. முழுதாக இருபது நிமிஷம். திரையில் எழுத்து நகராது, கவுன்டரில் ஆட்கள் கத்துவார்கள், பதினொன்று ஐந்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். மரகதம் இருபத்தாறு மெஷின்காரர்களையும் கூப்பிட்டு என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள். ஒண்ணுமே மாத்தலை மேடம். இருபத்தாறு பேரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, ஒண்ணுமே மாத்தலை. உலகத்தில் எங்கே போய்க் கேட்டாலும் இதுதான் பதில், வீடே பற்றி எரிந்தாலும் ஒண்ணுமே மாத்தலை. அவள் பதிவேடுகளைப் புரட்டினாள். நேற்று வரைக்கும் பதினான்கு நாள் பதிவு. பதினான்கு நாளும் மந்தம் ஆரம்பிக்கிற அந்த நிமிஷத்தில், காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் பழவந்தாங்கல். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பத்து நாற்பத்து நாலுக்குப் பழவந்தாங்கல் தூக்கம் கலைந்து எழுந்திருக்கும், அடுத்த நிமிஷமே மொத்த வீடும் திணறும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதில் முதல் பத்து நாளைப் பார்த்த கையோடு, போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்கு, பஸ் போய்விடுமே என்கிற அவசரத்தில், மேனேஜர் சிதம்பரநாதனுக்கு ஏழு வரி எழுதிவிட்டாள். ‘மந்தம் பழவந்தாங்கலால் ஏற்படுவதாகத் தெரிகிறது.’ தெரிகிறது! யாருக்குத் தெரிகிறது? எழுதி அனுப்பிவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டுக் கிடைத்த சந்தோஷத்தில், அதை மறந்தும் போய்விட்டாள். அன்றைக்குப் பஸ் கூட்டமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

டெலிபோன் அடித்தது. சிதம்பரநாதன்தான். “என்ன மேடம், ப்ளான் ரெடியா? பன்னெண்டு மணிக்கு டைரக்டர் உக்காந்துடுவார். காரணம்ங்கிற கட்டத்துல நீங்க மெயில்ல எழுதினதையே போட்டுடுங்க. பழவந்தாங்கலை மூடறோம். அந்த வேலை கோயம்புத்தூர் ஆபீசுக்குப் போகுது, அந்தம்மாவும் வேலையோட போறாங்க. ஆர்டர் டைப் ஆயாச்சு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.” மரகதம், “சார், நான் இன்னும் ஒரு தடவை பாத்துடறேன்” என்றாள். “இன்னும் என்ன மேடம் பாக்கறது? நீங்க சொல்லி எது தப்பாயிருக்கு?” என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார். நீங்க சொல்லி எது தப்பாயிருக்கு. பதினெட்டு வருஷமாக அந்த வார்த்தை அவளுக்குத் தலையில் வைத்த பூ மாதிரி இருந்தது. இன்றைக்கு அதுவே கழுத்தைப் பிடித்தது. பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல. மோட்டார் பயம் இல்லை இது, மோட்டார் வெறும் சாக்கு.

பெரம்பூரில் அமலோற்பவத்தின் வீட்டுக்கு இரண்டு கிறிஸ்துமஸுக்குப் போயிருக்கிறாள். அக்காவின் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமிக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய் ஆறு வருஷமாகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டிலிலிருந்து சமையலறைக்குப் பதினோரு அடி, வாசலுக்கு ஒன்பது, அங்கிருந்து சோடாக் கடைக்கு நாற்பத்து மூன்று, கணக்காக நடப்பார், சுவரைத் தொடக்கூட மாட்டார். “கேக்கு எடுத்துக்கம்மா” என்று தட்டைச் சரியாக மரகதத்தின் கைக்கு நேராக நீட்டினார். அன்றைக்கும் அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேவிட்டாள். “நாற்காலி முனகுதும்மா, ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு மாதிரி முனகும்” என்றார். கோயம்புத்தூரில் எந்த நாற்காலி முனகும் அவருக்கு? யார் எண்ணி வைத்திருக்கிறார்கள் அங்கே அடிகளை? அந்த மனுஷனுக்குக் கண் அந்த வீட்டில்தான் இருக்கிறது, அதைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு ஊரில் விடப் போகிறாள் மரகதம், ஏழு வரியில். ஆனால் பதிவேடு பொய் சொல்லாதே? பதினான்கு நாள், பதினான்கு தடவையும் அதே பெயர். அக்கா என்பதற்காகக் கணக்கை மாற்ற முடியுமா? முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும். சரி பார்ப்போம், இன்றைக்கு ஒரு நாளாவது பதிவேட்டை நம்பாமல் கண்ணால் பார்ப்போம் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பத்து இருபத்தொன்பது. நடுத்திரையில் இருபத்தாறு பெயர்களும் வரிசையாக. பச்சை என்றால் ஓடுகிறது, சாம்பல் என்றால் தூங்குகிறது, மஞ்சள் என்றால் காத்திருக்கிறது. அத்தனையும் பச்சை. பத்தரைக்குக் கிண்டி கிளை அறிக்கையைத் தொடங்கியது, ஒன்பது வருஷமாக அதே நேரம், புதுசு இல்லை. பத்து முப்பத்தொன்றுக்குச் சைதாப்பேட்டை சாம்பலானது. பிறகு கோடம்பாக்கம். பிறகு பல்லாவரம், தாம்பரம், எழும்பூர் என்று பொலபொலவென்று உதிர ஆரம்பித்தன. அட, இது என்ன? பத்து முப்பத்தாறுக்குப் பார்த்தால் கிண்டியையும் மாம்பலத்தையும் தவிர எல்லாம் சாம்பல். என்னடா இது, வேலை நாளில் நடுக்காலையில் ஊரே தூங்குகிறது? பதினான்கு நாளும் அவள் பத்தே முக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பத்தரையைப் பார்க்கவே இல்லை. காய்ச்சல் வந்த பிறகு தெர்மாமீட்டர் வைத்தாளே தவிர மழையில் நனைந்ததைப் பார்க்கவில்லை. தூங்குகிற மெஷினைப் பெரிய மெஷின் சும்மா விடாது, அதன் மெமரியை, போர்வையை உருவுகிற மாதிரி உருவி, விழித்திருக்கிறவனுக்குக் கொடுத்துவிடும், அதுதான் அதன் தர்மம். இப்போது இருபத்து நாலு போர்வையும் கிண்டியின் மேல் கிடக்கிறது. எழுந்தால் எல்லாரும் திரும்பக் கேட்பார்களே? ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் எதற்காகத் தூங்க வேண்டும்? இருபத்தாறு மெஷினுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒன்று தூங்குவது இன்னொன்றுக்குத் தெரியாது. அப்படியானால் யார் சொல்லித் தூங்கின இவை? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, பயத்தில் இல்லை, அந்தப் பழைய ஆசையில், திருப்புளியைத் தேடி ஓடுகிற ஆசையில். கை பழக்கத்தில் மேஜையின் வலதுபக்கம் டீக்குப் போனது. தம்ளர் இல்லை.

பத்து முப்பத்தெட்டு. டீ வர இன்னும் ஐந்தாறு நிமிஷம் இருந்தது, இருந்தாலும் தொண்டை கேட்டது. கேண்டீனுக்கே போய்ப் பார்த்தால் என்ன, அந்தச் சர்க்கரைச் சங்கதியையாவது தெரிந்துகொள்ளலாம் என்று மரகதம் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடி முழுக்க ஒரு ஈ காக்கை இல்லை. அறுபது நாற்காலி, அறுபதும் காலி. ஒன்றின் முதுகில் துண்டு, ஒன்றின் மேல் கைப்பை, மின்விசிறிகள் யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தன, திரைகள் எல்லாம் இருண்டு கிடந்தன. படிக்கட்டுப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். முதல் மாடியும் அதே கதை. தரைத்தளத்திலிருந்து மட்டும் சந்தைக்கடை இரைச்சல், தம்ளர் சத்தம், யாரோ யாரையோ கேலி செய்கிற சிரிப்பு. அடிப்பாவி! மொத்த ஆபீசும் ஒரே நேரத்தில் டீ குடிக்கிறது! தட்ட ஆள் இல்லாத மெஷின் தூங்கத்தானே செய்யும். சையது பாய் பத்தேகாலுக்குத் தரைத்தளம், பத்தரைக்கு முதல் மாடி, பத்து ஐம்பதுக்கு இங்கே என்று மூட்டுவலியோடு ஏறி ஏறி வந்தார், அவரவர் உட்கார்ந்த இடத்தில் குடித்தார்கள், குடித்துக்கொண்டே தட்டினார்கள். ஒரு மாடி நின்றால் இரண்டு மாடி ஓடும். அந்த மனுஷனின் முழங்கால்தான் இத்தனை வருஷமும் பெரிய மெஷினுக்கு வேலை பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியாமல். என்ன மாறியது என்று கேட்டால் ஒண்ணுமே மாத்தலை என்றார்களே, பொய்யா சொன்னார்கள்? டீயைப் போய் யார் கணக்கில் எடுப்பார்கள்! ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியவில்லை, மேஜைக்கே டீ வந்துவிடுகிற ஒருத்திக்கு.

மரகதம் ஓடிவந்து உட்கார்ந்தாள். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. பத்து நாற்பத்து மூன்று. அப்படியானால் பழவந்தாங்கல் ஏன் முதலில்? தினமும் ஏன் முதலில்? கேட்கும்போதே பதிலும் வந்துவிட்டது. டீ ஆறிவிடும் என்று எல்லாருக்கும் முந்திப் படியேறி வருகிறவள் யார்? தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் முதலில் விசையைத் தட்டுகிறவள் யார்? முதலில் எழுந்தவள் முதலில் போர்வை கேட்டாள், கிடைக்கவில்லை, வரிசையில் முதல் ஆளாக நின்றாள். ரேஷன் கடையில் முதலில் வந்து நிற்கிறவளைப் பார்த்து இவளால்தான் அரிசி இல்லை என்று சொன்ன மாதிரி அல்லவா சொல்லிவிட்டோம்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, அதுவும் பதினான்கு தடவை. ஆனால் இதுவும் ஊகம்தானே, மரகதம், போன வெள்ளிக்கிழமை உனக்குத் தெரிந்ததும் இப்படித்தானே நிச்சயமாகத் தெரிந்தது? நிரூபணம் வேண்டும். பத்து நாற்பத்து நாலு. பழவந்தாங்கல் சாம்பல். பத்து நாற்பத்தைந்து. இன்னும் சாம்பல். அக்கா இன்னும் வரவில்லை. என்ன ஆயிற்று அக்காவுக்கு, ஒரு நாளும் இவ்வளவு நேரம் ஆனதில்லையே? படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது, ஆனால் அது கூட்டம், அரட்டையோடு ஏறிவரும் கூட்டம். எழும்பூர் எழுந்தது. மஞ்சள். சேத்துப்பட்டு மஞ்சள். பல்லாவரம், தாம்பரம், சைதாப்பேட்டை, எல்லாம் மடமடவென்று மஞ்சள். பத்து நாற்பத்தாறுக்கு மொத்த வீடும் திணற ஆரம்பித்தது, மாடியில் யாரோ “வந்துடுச்சுடா பத்தே முக்கால்” என்று மேஜையில் அடித்தார்கள். பழவந்தாங்கல் மட்டும் ஒரு ஓரமாக, சாம்பலாக, ஒரு பாவமும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மரகதம் அந்தச் சாம்பல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் எரிந்தது, சந்தோஷமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு ஏன் முடிந்தால் அடுத்த ஏன் வந்து நிற்குமே, அவள் வாங்கி வந்த வரம் அப்படி. எல்லாரும் சேர்ந்து எழுந்தால்தான் என்ன, பெரிய மெஷினில் இருபத்தாறு பேருக்கும் போதுமான இடம் இருக்க வேண்டுமே, அவள் போட்ட திட்டம்தானே, மூன்று வருஷத்துக்குத் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தது? அவள் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தாள். சைதாப்பேட்டை கேட்டது நாலு ஜிபி, கொடுத்தது ஆறு. எழும்பூர் கேட்டது எட்டு, கொடுத்தது பத்து. கொசுறு. கத்திரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை போடுகிற மாதிரி, கேட்டதற்கு மேலே ஒரு கை அள்ளிப் போட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். நாளைக்குப் போதவில்லை என்று யாரும் தன்னிடம் வந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வாங்கினவன் சந்தோஷப்படுவான், மேடம் தாராளம் என்பான், அந்தப் பேச்சு அவளுக்கும் பிடித்திருந்தது, மறைப்பானேன். கறிவேப்பிலை என்று நினைத்துப் போட்டதெல்லாம் கூட்டிப் பார்த்தால் பெரிய மெஷினில் இருக்கிறதைவிடக் கால் பங்கு அதிகமாக இருந்தது. இல்லாததை அள்ளிக் கொடுத்திருக்கிறாள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்காத வரைக்கும் அது வெளியே தெரியவில்லை. ஒரே ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் கேட்டதும் கொடுத்ததும் ஒன்றாக இருந்தது. இரண்டு, இரண்டு. பழவந்தாங்கல். நன்றாக நினைவிருக்கிறது, நாலு வருஷத்துக்கு முன்னால் இதே அறை, “இன்னொண்ணு சேத்துப் போடட்டுமாக்கா?” என்று இவள் கேட்க, “எதுக்குடி? இருக்கிறது போதும். வயசானவங்க உசிரோட இருக்காங்களான்னு பாக்குற வேலைக்கு எவ்ளோ வேணும்?” என்று அக்கா சொன்னது. கொசுறு வாங்காத ஒரே ஆள்மேல் போய்ப் பழி. இதைப் பன்னிரண்டு மணிக்குச் சொல்ல வேண்டும். டீ காரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள், கொசுறு காரணம் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்கள். நீங்க சொல்லி எது தப்பாயிருக்கு என்று இனிமேல் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்? கட்டத்தில் ஏதோ பொதுவாக எழுதி, கேண்டீனை மாடிக்கு ஒரு நேரம் என்று பிரித்துவிட்டால் மந்தம் போய்விடும், கொசுறு யாருக்கும் தெரியாது, அக்கா மட்டும்... அக்காவின் ஆர்டர் டைப் ஆகிவிட்டது, டைப் ஆன ஆர்டர் காரணமில்லாமல் திரும்பாது. சீ, என்ன புத்தி இது, தம்ளரில் கைவைத்துக்கொண்டே டீ கொடுத்தவளைக் கணக்குப் பார்க்கிற புத்தி. தம்ளர்கூட இல்லை, மேஜை காலியாக இருந்தது.

கதவு திறந்தது. அமலோற்பவம்தான், இடது கையில் காகிதக் கப், வலது கையில் எவர்சில்வர் தம்ளர், வழியில் அநாதையாகக் கிடந்த செருப்பைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்தாள். “செருப்பை விட்டுட்டு எங்கடி ஓடினே? ஆறிப்போச்சு, மேலே ஆடை படிஞ்சிருச்சு” என்று தம்ளரை வைத்தாள். மணி பத்து ஐம்பத்தெட்டு. “எங்கக்கா போயிட்டே இவ்ளோ நேரம்?” “சார் கூப்பிட்டாரு. ஆர்டரைக் காட்டினாரு. கோயம்புத்தூர் குளிராமே, ஸ்வெட்டர் ஆபீசே வாங்கிக் குடுக்குமான்னு கேட்டேன். மனுஷன் முழிக்கிறாரு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மரகதம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். “அக்கா, போன வெள்ளிக்கிழமை நான் சாருக்கு ஒரு மெயில் எழுதினேன்.” “தெரியும்.” “மந்தத்துக்கு உன் மெஷின்தான் காரணம்னு...” “தெரியும்னு சொல்றேனே. திங்கக்கிழமை காலையிலேயே காட்டினாரு, கோயம்புத்தூர்னும் சொன்னாரு. ஏழு வரி. எண்ணினேன்.” திங்கட்கிழமையா! திங்கள், செவ்வாய், புதன், வியாழன், இன்றைக்கு வெள்ளி. ஐந்து நாள் இதே கையால் இதே தம்ளர். “அப்புறமும் ஏங்க்கா ஒரு வார்த்தை கேக்கலை?” “கேட்டா நீ என்ன சொல்லுவே? நான் சொல்லலை, மெஷின் சொல்லுதுன்னுவே. எதையும் பாக்காம விடற ஆளா நீ? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நல்லாப் பாத்துட்டு நீயே வருவேன்னு இருந்தேன். இவ்ளோ நாளாகும்னு நெனக்கலை. நேத்து சாயங்காலம் வீட்டுல அவரு கேக்குறாரு, புது வீட்டுல கட்டில்லேர்ந்து அடுப்படிக்கு எத்தனை அடி இருக்கும்னு. மாதாவே, நான் என்னத்தைச் சொல்ல?”

மரகதம் திரையைக் காட்டினாள். பேச்சு கோர்வையாக வரவில்லை, டீ, சையது பாய், போர்வை, கொசுறு என்று துண்டு துண்டாக வந்தது. “உன் மெஷின் தூங்கிட்டிருந்துச்சுக்கா, தூங்கிட்டிருக்கும்போதே மந்தம் வந்துடுச்சு, நான் பாத்தேன், கண்ணால பாத்தேன். தப்பு என்னோடது. எல்லாருக்கும் அள்ளி அள்ளிக் குடுத்தது நான்தான்.” அமலோற்பவம் குனிந்து அந்தச் சாம்பல் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பாவம், நல்லாத் தூங்குது” என்றாள். மரகதம் கேட்டாள், “என்மேல கோவமே வரலையாக்கா உனக்கு?” “வராமயா? ஏன்டி, திங்கக்கிழமையிலேர்ந்து உன் டீயில சர்க்கரை போடாமத்தானே கொண்டாரேன். அதுகூடவா தெரியலை உனக்கு?” மரகதம் தம்ளரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்துவிட்டது. “குடுக்கா, நானே போய்ச் சர்க்கரை போட்டுட்டு வரேன், அந்தக் கேண்டீனையும் ஒரு தடவை பாத்துடறேன்” என்று தம்ளரை எடுக்கப் போனாள். அமலோற்பவம் அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல சாருக்கு மாத்தி ஒரு லெட்டர் எழுது” என்றாள். “அப்புறம் சர்க்கரை.”